நான்காவது பானை மொஹிங்கா

அத்தை சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாவது வாரம். அன்று காலை மாவு தீர்ந்துவிட்டதால் புளோக்குக்குக் கீழே போய் மீன் பீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்) சூப் வாங்கி வந்தேன். ஒரு வாய் குடித்தவர் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இங்க மொய்ங்கா கிடைக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். மொஹிங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் சாறைத்தான் அப்படிச் சொல்வார்.

அத்தை பிறந்தது ரங்கூனில். அவருடைய அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டதும் குடும்பம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அப்போது அத்தைக்கு ஏழு வயது. வியாசர்பாடியில் குடியேறிய பிறகும் அவருடைய அம்மா ஞாயிறுதோறும் மொய்ங்கா செய்வாராம். அம்மா போனபின் யாரும் செய்யவில்லை. பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜாரில் அத்தோ என்ற நூடுல்ஸ் கலவை, பேஜோ என்ற பருப்புப் பொரிப்பு, மொய்ங்கா மூன்றும் இன்றும் கிடைக்கும். ஆனால் அது வேறு, அம்மா செய்தது வேறு என்பார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு நாட்டுச் சமையல் எதையாவது வீட்டில் செய்துபார்க்க நினைத்தால், முதலில் அந்த நாட்டுக்காரர்களே போய்ச் சாப்பிடும் கடையில் ஒரு தடவையாவது சாப்பிடுவேன். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். சிங்கப்பூரில் அதற்குப் பெரிய அலைச்சல் வேண்டியதில்லை. பிலிப்பினோ சாப்பாடென்றால் ஆர்ச்சர்ட் ரோட்டில் லக்கி பிளாசா இருக்கிறது. சினிகாங் என்ற புளிச்சாறு சூப்பை அங்கேதான் கற்றேன். ரசம் வைக்கத் தெரிந்தவனுக்கு அதில் பாதி வேலை முன்பே தெரியும். பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023இல் மூடப்படும் வரை தாய்லாந்துச் சமையலுக்கு அதுதான் என் பள்ளிக்கூடம். பர்மாவுக்கு சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் பெனின்சுலா பிளாசா இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு எதிரில் இருக்கும் அந்தக் கட்டடத்தை இருபது வருடமாகக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே ஒரு தடவைகூடப் போய்ச் சாப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றுதான் அங்கே போக வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், வெற்றிலை மடித்து வாங்குகிறவர்கள், கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் என்று அடித்தளம் வரை கூட்டம். மாடிப்படி இறங்கும்போதே எண்ணெயில் வெங்காயம் பொரியும் வாசனை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார், ஒன்றும் பேசவில்லை. சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். கடையை நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அங்கே எல்லாரும் அவரை "அமா" என்று கூப்பிட்டார்கள். பர்மிய மொழியில் அக்கா என்று பொருளாம். நம் அம்மாவுக்கு ஒரு மெய்யெழுத்துதான் குறைவு என்பதால் எனக்கும் அப்படிக் கூப்பிடுவது எளிதாக இருந்தது.

மொஹிங்கா வந்தது. பொன்னிறமும் சாம்பலும் கலந்த குழைவான சாறு. அடியில் மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே அரை முட்டை, நொறுக்கிப்போட்ட பேஜோ, கொத்தமல்லி, ஒரு துண்டு எலுமிச்சை, தனிக் கிண்ணத்தில் வறுத்த மிளகாய்த்தூள். அத்தை எலுமிச்சையைப் பிழிந்து, மிளகாயைத் தூவி, கரண்டியால் நான்கு தடவை கிளறி ஒரு வாய் வைத்தார். "ஆமா" என்றார். அந்த ஒரு சொல்தான் எனக்கு அளவுகோல். வீட்டில் நான் செய்வதைச் சாப்பிட்டு அத்தை அதே "ஆமா"வைச் சொல்ல வேண்டும்.

முதல் பானை

செய்முறை ஒன்றைப் படித்து, கையில் இருந்ததை வைத்துத் தொடங்கினேன். வீட்டில் தெங்கிரி இருந்தது, நம் வஞ்சிரம். மொஹிங்காவுக்கு ஆற்றுக் கெளுத்தி வேண்டும் என்று எழுதியிருந்தது. மீன் மீன்தானே என்று நினைத்தேன்.

அங்கேயே தவறு. வஞ்சிரம் வறுவலுக்கும் குழம்புக்கும் ராஜா. ஆனால் வேகவைத்து உதிர்த்தால் சதை பஞ்சு மாதிரி வறண்டுவிடும், சாறிலும் பிசுக்கு இறங்காது. கெளுத்தியின் தோல், தலை, எலும்பு மூன்றிலும் பசைத்தன்மை அதிகம். நெடுநேரம் கொதித்தால் அது நீரில் கரைந்து உதட்டில் லேசாக ஒட்டும். மொஹிங்காவின் உடம்பில் பாதி அந்தப் பசை, மீதிப் பாதி மாவு. எனக்கு முதல் பாதியே இல்லை.

இரண்டாவது தவறு மாவில். நேரே பாக்கெட்டிலிருந்து இரண்டு கரண்டி கடலை மாவை எடுத்துக் கொதிக்கும் சாறில் போட்டேன். போட்டதும் கட்டி கட்டியாக உருண்டுவிட்டது. சூடான நீர் பட்டவுடன் மாவின் வெளிப்புறம் வெந்து தோலாகிவிடும், உள்ளே பச்சை மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். மத்தால் கடைந்தும் உடையவில்லை. வடிகட்டியில் ஊற்றி ஒரு மாதிரி சரிசெய்தேன்.

அத்தை இரண்டு கரண்டி சாப்பிட்டார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஆனா இது மீன் ரசம். கடலை மாவு பச்சை வாசனை வருது பாருங்க." வந்தது. பஜ்ஜி மாவை நக்கிப்பார்த்த மாதிரி.

இரண்டாவது பானை

அடுத்த சனிக்கிழமை விடிகாலையில் தேக்கா மார்க்கெட். கெலி மீன் இரண்டு, சேர்த்து ஒரு கிலோ இருநூறு கிராம். மலாய்க்காரர்கள் கெலி என்பதை நம் ஊரில் தேளி என்பார்கள், கெளுத்தி இனம்தான். மார்புத் துடுப்புப் பக்கத்து முள் குத்தினால் கை வீங்கிவிடும், அதனால் கடைக்காரரையே வெட்டித் தரச் சொன்னேன். தலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். செதில் உரிக்கும் வேலை கிடையாது, சதைக்குள் பொடி முள்ளும் இல்லை. உதிர்க்க இதைவிட வசதியான மீன் எனக்குத் தெரியாது.

காய்கறிப் பக்கம் வாழைத்தண்டு. அந்தக் கடைக்காரர் பொரியலுக்கா கூட்டுக்கா என்று கேட்டார். பர்மாக் குழம்புக்கு என்றதும், "அப்படின்னா உள்தண்டு மட்டும் எடுத்துக்குங்க, விரல் தடிமனுக்கு" என்று சொல்லி மேல் மட்டைகளை அவரே உரித்துக் கொடுத்தார்.

வாழைத்தண்டு நறுக்குவது நம் வீடுகளில் பழகிய வேலைதான். வட்டமாக ஒரு வில்லை நறுக்கியதும் கத்திக்கும் தண்டுக்கும் நடுவே நார் சிலந்தி நூல் மாதிரி நீளும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே அடுத்த வில்லைக்குப் போக வேண்டும். பத்து வில்லை முடிவதற்குள் விரலில் வெள்ளை மோதிரம் கட்டியிருக்கும். சுற்றாமல் விட்டால் அந்த நாரெல்லாம் சாறில் போய்க் கரண்டியில் சிக்கும். கறுக்காமலிருக்க நாம் மோரில் போடுவோம். இதற்கு மோர் ஒத்துவராது, உப்பும் மஞ்சளும் கலந்த நீரே போதும்.

இந்தத் தடவை கடலை மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினேன். கட்டி இல்லை. வாழைத்தண்டு பதமாக வெந்தது. உதட்டில் அந்த லேசான ஒட்டலும் வந்தது. ஆனால் வாயில் வைத்தால் சேற்று வாசனை, மழை பெய்த குளத்தங்கரை மாதிரி.

குளத்து மீனுக்கு அந்த வாசனையைத் தருவது ஜியோஸ்மின் என்ற சேர்மம். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்க, மீனின் தோலிலும் கொழுப்பிலும் போய்ச் சேர்கிறது. புளிப்புப் பட்டால் அது சிதையும். நம் பாட்டிமார் குளத்து மீனைப் புளி போட்டுக் கழுவியதும், குழம்பில் புளியைத் தாராளமாகவே ஊற்றியதும் அதனால்தான். எனக்கு அது தெரிந்த விஷயம், கைதான் மறந்துவிட்டது. பர்மாச் சமையல் என்று மனம் தனிப்பெட்டியில் வைத்துக்கொண்டதால், வீட்டில் தினம் செய்வதை இதற்குச் செய்யத் தோன்றவில்லை.

அத்தை அன்று பாதிக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்: பச்சை வாசனை இன்னும் லேசாக இருக்கிறதே, ஏன்?

கேள்வியோடு கடைக்கு

மூன்றாவது ஞாயிறு கூட்டம் குறையும் மாலை நேரமாகப் போனேன். மொஹிங்கா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அமாவிடம் நேரே கேட்டேன். சமையல் ரகசியத்தைக் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் செய்முறை முழுவதையும் சொல்லுங்கள் என்று கேட்பது வேறு. நான் செய்தேன், இந்த இடத்தில் இப்படி ஆகிறது என்று ஒரே ஒரு கேள்வியோடு போவது வேறு. இரண்டாவதற்குச் சமைக்கிறவர்கள் யாரும் இதுவரை எனக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

அமா உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்து வந்து மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டினார். வறுத்த அரிசியின் வாசனை, நம் சத்துமாவு டப்பாவைத் திறந்தது போல. அரிசியைப் பொன்னிறமாக வறுத்துப் பொடித்தது. கடலை மாவையும் வெறும் சட்டியில் வறுத்துத்தான் சேர்ப்பாராம். அரிசி உடம்பு, கடலை வாசனை, இரண்டும் வேண்டும் என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "மீனை வேகவைத்து உதிர்த்த பிறகு என்ன செய்கிறீர்கள்?"

"அப்படியே சாறில் போட்டுவிடுவேன்."

அவர் தலையை ஆட்டினார். வெங்காயம், பூண்டு, இஞ்சி, செராய் (எலுமிச்சைப்புல்), ஊறவைத்து அரைத்த மிளகாய், மஞ்சள் எல்லாம் எண்ணெயில் வதங்கியதும் உதிர்த்த மீனையும் அதில் போட்டு, ஈரம் முழுதும் போய் எண்ணெய் பிரியும் வரை வறுக்க வேண்டுமாம். கையால் காற்றில் கிளறிக் காட்டினார், அரை நிமிடம் நிறுத்தவே இல்லை. அவ்வளவு நேரம் என்று அர்த்தம்.

பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் லபேத் தோக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். புளிக்கவைத்த தேயிலையில் வறுத்த பருப்பு, எள், தக்காளி, கோஸ் எல்லாம் சேர்ந்த சாலட். நான் பார்ப்பதைக் கண்டு ஒரு கரண்டி தட்டில் வைத்துக் கொடுத்தான். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லபேத் என்று பர்மாவில் ஒரு சொலவடை உண்டு. அந்த ஒரு கரண்டியில் அதை நம்பினேன். துவர்ப்பும் புளிப்பும் மொறுமொறுப்பும் சேர்ந்து வந்தது. இரவு பன்னிரண்டு வரை தூக்கமும் வரவில்லை, தேயிலை தேயிலைதான்.

அதே கட்டடத்தின் பலசரக்குக் கடையில் மீன் சாஸ், காய்ந்த மொஹிங்கா நூடுல்ஸ், ஙாப்பி என்ற புளிக்கவைத்த மீன் விழுது ஒரு சின்னச் சாடி வாங்கினேன். ஙா என்றால் மீன். தமிழில் ங என்ற எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வந்து நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அத்தை அன்று இரவு அந்தச் சாடியைப் பார்த்து எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் "ஙாப்பி" என்றார். ஏழு வயதில் விட்டுவந்த ஒலி நாக்கில் அப்படியே இருந்தது.

மூன்றாவது பானை

கெலியை உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, பத்து நிமிடம் வைத்து, மூன்று தண்ணீரில் கழுவினேன். இரண்டரை லிட்டர் நீரில் மஞ்சள், தட்டிய செராய் மூன்று தண்டு, இஞ்சித் துண்டு போட்டு இருபது நிமிடம் வேகவைத்தேன். மீனை எடுத்து உதிர்த்து, எலும்பையும் தலையையும் மறுபடி சாறில் போட்டு இன்னும் நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தேன்.

அரிசி வறுப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அரை கப் அரிசிக்குக் குறைந்த தீயில் பன்னிரண்டு நிமிடம் ஆனது. முதலில் வெள்ளையாகப் பால் படிந்த மாதிரி மாறும், பிறகு ஒன்றிரண்டு மணி துள்ளும், அப்புறம் திடீரென்று நிறம் ஓடும். அங்கே கையை எடுக்கக் கூடாது. கடலை மாவுக்கு ஏழு நிமிடம். மைசூர்பாகுக்கு வறுக்கும் வாசனை வந்ததும் இறக்கினேன்.

நடுவே பொட்டுக்கடலை மாவு போட்டால் என்ன, ஏற்கனவே வறுத்ததுதானே என்று ஒரு கரண்டிச் சாறில் தனியாகச் சோதித்தேன். தேங்காய்ச் சட்னி வாசனை வந்துவிட்டது. வேண்டாம்.

மீனை வறுத்த இடத்தில்தான் சமையல் மாறியது. முதல் ஐந்து நிமிடம் சட்டியில் சேறு மாதிரிக் குழம்பிக் கிடந்தது. எட்டாவது நிமிடம் மீன் இழை இழையாகப் பிரிந்தது, சத்தம் மாறியது. கொதிக்கும் சத்தம் போய்ப் பொரியும் சத்தம் வந்தது. பதினைந்தாவது நிமிடம் மஞ்சள் எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கியது. குளத்து வாசனை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை.

எல்லாம் சேர்த்துக் கொதித்தபோது சாறு நீர்த்த மாதிரி தோன்றியது. வறுத்த மாவுக்குக் கெட்டியாக்கும் வலு குறைவு, வறுக்கும்போதே மாவுச்சத்து கொஞ்சம் உடைந்துவிடுகிறது. அதனால் இன்னும் மூன்று கரண்டி மாவு கரைத்து ஊற்றினேன். அவசரப்பட்டேன். அத்தை குளித்துவிட்டு வர அரை மணி நேரம். அதற்குள் சாறு ஆறி இறுகிக் கேழ்வரகுக் கூழ் பதத்துக்குப் போய்விட்டது. வெந்நீர் ஊற்றித் தளர்த்தினேன், ருசியும் சேர்ந்து தளர்ந்தது.

அன்று நூடுல்ஸிலும் ஒரு பரிசோதனை. பர்மாவில் மொஹிங்காவுக்கான நூடுல்ஸை அரிசி மாவிலிருந்து பிழிந்தே எடுக்கிறார்கள் என்பதால், நம் இடியாப்பத்தை வைத்தால் என்ன என்று அத்தையே சொன்னார். வைத்தோம். முதல் இரண்டு நிமிடம் அருமை. மூன்றாவது நிமிடம் சாறில் கரைந்து பால் கஞ்சி போலானது. இடியாப்ப மாவுக்கு அந்த இழுவை கிடையாது. காய்ந்த நூடுல்ஸை ஊறவைத்து வேகவைப்பதே சரி. அது கிடைக்காவிட்டால் மெல்லிய பீஹூனை விட, வியட்நாம்காரர்களின் உருண்டையான பூன் நூடுல்ஸ் பொருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் அத்தை கிண்ணத்தை முடித்தார். "வாசனை வந்துடுச்சு மாப்பிள்ளை. பதம்தான் வரல."

பேஜோவும் டோஃபுவும்

பதத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வாரநாட்களில் பக்கவாத்தியங்களைப் பழகினேன். மொஹிங்கா மேல் நொறுக்கிப்போடும் பொரியலைப் பர்மாவில் பே ஜா என்கிறார்கள். பர்மா பஜாரில் பேஜோ. கடலைப்பருப்பை நான்கு மணி நேரம் ஊறவைத்து, அரிசி மாவை மோர் பதத்துக்கு நீர்க்கக் கரைத்து, உப்பு மஞ்சளோடு கலந்து எண்ணெயில் கரண்டியால் பரப்பி ஊற்ற வேண்டும். வடை போடுகிற கைக்கு மாவைக் கெட்டியாகவே கரைக்கத் தோன்றும். அதை அடக்க வேண்டும். மாவு கெட்டியானால் பேஜோ தட்டை மாதிரி கடினமாகிவிடும். நீர்த்த மாவு ஓரத்தில் வலை போல விரிந்து, பருப்பு நடுவே முத்து முத்தாகத் தங்கும். அதுதான் உடைத்தால் உதிரும்.

மிஞ்சிய கடலை மாவில், பர்மாவின் ஷான் மாநிலத்தில் செய்யும் ஷான் டோஃபு செய்தேன். இதை எல்லாரும் ஒரு தடவை செய்துபார்க்க வேண்டும், அவ்வளவு எளிது. கடலை மாவு ஒரு கப், தண்ணீர் மூன்று கப், அரைத் தேக்கரண்டி மஞ்சள், உப்பு. கரைத்து வடிகட்டி, களி கிண்டுவது போலப் பத்து நிமிடம் கை விடாமல் கிண்டினால் பளபளப்பாகத் திரண்டு வரும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் வெட்டும் பதத்துக்கு இறுகிவிடும். சோயா டோஃபுவுக்குப் பாலைத் திரிக்க ஜிப்சமோ நிகாரி என்ற கடலுப்போ வேண்டும். அங்கே இறுகுவது புரதம். இங்கே இறுகுவது மாவுச்சத்து, அதனால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். துண்டு போட்டுப் பொரித்தால் மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். ஷான் மாநிலத்தில் இறுகுவதற்கு முன் சூடாகவே நூடுல்ஸ் மேல் ஊற்றியும் சாப்பிடுவார்கள்.

களி கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் என் மொஹிங்காவின் கோளாறு புரிந்தது. கடலை மாவு அடுப்பில் இருக்கும்போது நீர்ப்பாகவே தெரியும், ஆறும்போதுதான் தன் முழுக் கெட்டியையும் காட்டும். நான் கொதிக்கும் சாறைப் பார்த்துப் பதம் முடிவு செய்தேன். கிண்ணத்தில் ஊற்றி இரண்டு நிமிடம் ஆறவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது பானை

அளவுகளை எழுதிவிடுகிறேன், ஆறு பேருக்கு. கெலி ஒரு கிலோ இருநூறு கிராம், நீர் இரண்டரை லிட்டர். வறுத்த அரிசிப்பொடி 50 கிராம், வறுத்த கடலை மாவு 50 கிராம், இரண்டையும் அரை லிட்டர் குளிர்ந்த நீரில் கரைத்து ஒரே தடவையில் ஊற்றினேன். அதற்குப் பிறகு மாவு டப்பாவைத் தொடவில்லை. பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு எட்டுப் பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, செராய் மூன்று தண்டின் அடிப்பகுதி, காய்ந்த மிளகாய் ஆறு, இவற்றை அரைத்த விழுது. கடலை எண்ணெய் முக்கால் கப். கூடுதலாகத் தோன்றும், ஆனால் குறைத்தால் மீன் பொரியாது. ஙாப்பி ஒரு தேக்கரண்டி, மீன் சாஸ் மூன்று மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி. வாழைத்தண்டு இரண்டு கை. கடைசியாகத் தோல் உரித்த முழுச் சின்ன வெங்காயம் பதினைந்து.

மாவு ஊற்றிய பிறகு ஒரு மணி நேரம் மிகக் குறைந்த தீ. அடிப்பிடிக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியோடு துழாவ வேண்டும். ஒரு கரண்டிச் சாறைச் சின்னத் தட்டில் ஊற்றி ஆறவைத்துப் பார்த்தேன். கரண்டியின் முதுகில் மெலிதாகப் படிந்தது, தடித்து நிற்கவில்லை. சின்ன வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி முழுசாகவே இருந்தது.

ஙாப்பி வாசனை நடைபாதை முழுக்கப் போயிருக்கும். பெலாச்சான் என்ற மலாய் இறால் விழுதை வறுத்தால் என்ன வருமோ அதன் அண்ணன். பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய்ப் பெரியம்மாவுக்கு, கதவைத் தட்டி ஒரு கிண்ணம் கொடுத்தேன். வாங்கி முகர்ந்ததும், "இது எங்க ஊர் லக்சா ஜொகூர் வாசனை" என்றார். அவர் ஜொகூர் பாருவில் பிறந்தவர். அங்கேயும் மீனை வேகவைத்து அரைத்த கெட்டிச் சாறுதான், நூடுல்ஸுக்குப் பதில் ஸ்பகெட்டி. பர்மாவின் ஐராவதிக் கரைக்கும் ஜொகூருக்கும் நடுவில் மீனையும் செராயையும் சேர்த்துக் கொதிக்கவைத்த ஊர்கள் எத்தனையோ.

அத்தை எலுமிச்சை பிழிந்தார். மிளகாய் தூவினார். பேஜோவைக் கையால் நொறுக்கிப் போட்டார். நான்கு தடவை கிளறினார். என் மனைவியும் நானும் எங்கள் கிண்ணத்தைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா வாழைத்தண்ட இன்னும் கொஞ்சம் தடிமனா போடுவாங்க. கடிக்கும்போது கறுக் கறுக்குன்னு இருக்கும்" என்றார். இரண்டாவது கிண்ணத்தை அவரே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டார். அவ்வளவு காலம் கழித்து வாழைத்தண்டின் தடிமன் வரை ஒருவருக்கு நினைவிருக்கிறது என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதமாக வந்த அலுப்பெல்லாம் எனக்கு அதில் போயிற்று.

மறுநாள் ஞாயிறு. தூக்குச்சட்டியில் கொஞ்சம் சாறு எடுத்துக்கொண்டு அத்தையும் நானும் பெனின்சுலா பிளாசா போனோம். அமா உள்ளே சூடாக்கி, ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கரண்டி. "கௌன்தே" என்றார். நன்றாக இருக்கிறது. பிறகு ஐந்து விரலையும் விரித்து இரண்டு தடவை காட்டிவிட்டுத் தன் பானையைத் திறந்தார். சாறின் மேல் சின்ன வெங்காயம் நெருக்கமாக மிதந்துகொண்டிருந்தது, என் பானையில் இருந்ததைவிட நிறையவே. அந்த இனிப்புதான் ஙாப்பியின் உப்பைப் பிடித்து நிறுத்துகிறதாம்.

தாளில் பதினைந்தை அடித்து இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டேன்.